கையால செஞ்ச பேஸ் கிட்டாருக்கு பிக்கப், வயரிங், ப்ரீஆம்ப்: எத முதல்ல முடிவு பண்ணணும்?

தம்பி, மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால உங்க கேள்விய ஒரு தடவ சுருக்கி சொல்லிடறேன். கொளத்தூர்ல ஒரு ஆசாரிகிட்ட வேங்கை மரத்துல 4 ஸ்ட்ரிங் பேஸ் ஒண்ணு செய்றீங்க, ஸ்கேல் (ஸ்ட்ரிங் ஆடற நீளம்) 34 இன்ச், நெக்கும் பாடியும் ரெடி, பிக்கப் (ஸ்ட்ரிங் ஆட்டத்த சிக்னலா மாத்தற, காந்தமும் ஒயர் சுத்தும் சேர்ந்த பெட்டி) உக்கார்ற குழி மட்டும் இன்னும் தோண்டல. எலக்ட்ரானிக்ஸுக்கு 15,000 ரூபா ஒதுக்கி வச்சிருக்கீங்க. ஃப்ரெண்டு ஒருத்தர் "காச எல்லாம் ஆக்டிவ் ப்ரீஆம்ப்ல போடு, ஹம்மே வராது, பிக்கப்ப இங்கயே ஒயர் வாங்கி சுத்திக்கலாம்"னு சொல்லியிருக்கார் (ப்ரீஆம்ப்னா பேஸுக்குள்ளயே பேட்டரியில ஓடி சிக்னல பெருசாக்கற சர்க்யூட், அது இருந்தா ஆக்டிவ், இல்லன்னா பாசிவ்; ஹம்னா ஆம்புல ஊம்னு ஓடற கரண்ட் இரைச்சல்). அது சரியானு கேட்டிருக்கீங்க.

சரியில்ல. குழி தோண்டறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுதான் ரொம்ப நல்லதா போச்சு, ஏன்னா ஒரு பேஸ்ல ப்ரீஆம்ப நாளைக்கு மாத்தலாம், பிக்கப்ப மாத்தலாம், பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கறது), கெபாசிட்டர் எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல மாத்திடலாம், ஆனா பிக்கப் உக்கார்ற இடத்த மட்டும் மாத்த முடியாது, மரத்துல ஓட்டை போட்டா போட்டதுதான். அதனால என் வரிசை இப்படி: முதல்ல இடம், அப்புறம் பிக்கப், அப்புறம் சுத்தமான பாசிவ் வயரிங், அதுக்கும் அப்புறம் தேவைனு தோணுனா ப்ரீஆம்ப். நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க.

இடம் ஏன் அவ்ளோ முக்கியம்னா, ஸ்ட்ரிங் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஆடறதில்ல. பிரிட்ஜ் பக்கத்துல ஆட்டம் கம்மி, அங்க அடிநாதம் மெலிஞ்சு மேல் ஸ்தாயி ஹார்மோனிக்ஸ் தூக்கலா கேக்கும், கொஞ்சம் மூக்கால பேசற மாதிரி, ஆனா ஒவ்வொரு நோட்டும் தெளிவா இருக்கும். நெக் பக்கம் போகப் போக ஆட்டம் பெருசாகும், சவுண்டு உருண்டு கனமா வரும். பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் (நெக்ல குறுக்க இருக்கற கம்பி) இல்லாத தன்னோட 1962 ஜாஸ் பேஸ்ல பிரிட்ஜ் பிக்கப்ப வச்சு வாசிச்ச அந்தப் பாடற சவுண்டும், இன்னொரு பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸ்ல ஃப்ளாட்வவுண்ட் (மேல் சுத்து தட்டையா இருக்கற) ஸ்ட்ரிங் போட்டு வாசிச்ச அந்த அடர்த்தியான சவுண்டும் இவ்ளோ வேற வேறயா இருக்கறதுக்கு கை, ஸ்ட்ரிங் எல்லாம் காரணம்தான், ஆனா பிக்கப் எங்க உக்காந்திருக்குங்கறது அதுல பெரிய பங்கு. ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல 70கள்ல பிரிட்ஜ் பிக்கப்ப சுமார் 10 மில்லிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துனாங்க, ஒரு சென்டிமீட்டர்தான், ஆனா 60ஸ் சவுண்டு 70ஸ் சவுண்டுனு ரெண்டா பிரிச்சு பேசற அளவுக்கு அது காதுல விழுது.

நீங்க இப்ப பண்ண வேண்டியது என்னன்னா, குழியே தோண்டாம நெக்க மாட்டி பிரிட்ஜ திருகி ஸ்ட்ரிங் போட்டு ட்யூன் பண்ணிடுங்க. யார்கிட்டயாவது ஒரு பிக்கப் கடன் வாங்குங்க, எந்த பிக்கப்பா இருந்தாலும் பரவாயில்ல. அதோட ரெண்டு ஒயரையும் க்ரோகடைல் கிளிப் வச்சு ஒரு ஜாக்ல கவ்வ விட்டு ஆம்புக்கு போங்க. இப்போ பிக்கப்ப தலைகீழா, முகம் கீழ பாக்கற மாதிரி, ஸ்ட்ரிங்குக்கு மேல ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளியில பிடிங்க. பிக்கப்புக்கு மேல கீழ எல்லாம் தெரியாது, காந்தத்துக்கு முன்னாடி இரும்பு ஆடுனா போதும், வேல செய்யும். ஒருத்தர் வாசிக்கட்டும், நீங்க பிக்கப்ப பிரிட்ஜ்ல ஆரம்பிச்சு நெக் வரைக்கும் மெதுவா நகர்த்துங்க. கையில பிடிச்சா ஆடும்னா, ரீப்பர் துண்டு ஒண்ணுல டபுள் சைட் டேப் போட்டு ஒட்டி, ரெண்டு பக்கமும் பாடி மேல சின்ன கட்டை முட்டு குடுத்து அது மேல வச்சு தள்ளுங்க. ஒரு இடம் வரும், அங்க ஈ ஸ்ட்ரிங் வயித்துல கேக்கும், ஜி ஸ்ட்ரிங்கும் காணாம போகாது. அங்க மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சில்ல கோடு போடுங்க. நான் பண்ற ஒவ்வொரு பேஸுக்கும் இத பண்றேன், சில சமயம் ரெண்டு மணி நேரம் ஆகும், அதுக்காக நான் இதை விட்டதில்ல.

அடுத்தது எந்த வகை பிக்கப். 1951ல லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ கொண்டு வந்தப்போ அதுல ஒரே ஒரு சிங்கிள் காயில் (ஒரே ஒயர் சுத்து உள்ள பிக்கப்), 1957ல அத ரெண்டு துண்டா வெட்டி, ஈ ஏ ரெண்டுக்கும் ஒரு துண்டு, டி ஜி ரெண்டுக்கும் ஒரு துண்டுனு மாத்துனாங்க. ஒரு துண்டுக்கு காந்தமும் சுத்தும் இன்னொண்ணுக்கு எதிர்மாறு, அதனால வெளியில இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் எதிரும் புதிருமா வந்து அடிபட்டு போயிடும், ஸ்ட்ரிங் சவுண்டு மட்டும் சேரும். நாம பி பிக்கப்னு சொல்றது இதத்தான். 1960ல வந்த ஜாஸ் பேஸ்ல ரெண்டு தனித்தனி சிங்கிள் காயில், ரெண்டு வால்யூமும் முழுசா திறந்திருந்தா ஹம் அடங்கும், ஒண்ண குறைச்சா ஹம் தலை தூக்கும். 1976ல மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்துச்சு, பெரிய ஹம்பக்கர் (ஹம்ம அடக்கற ரெண்டு காயில் பிக்கப்), உள்ளயே பேட்டரி ப்ரீஆம்ப். முதல் பேஸ், சர்ச்லயும் லைட் மியூசிக்லயும் வாசிக்கப் போறீங்கன்னா என்னோட ஓட்டு பி பிக்கப் ஒண்ணே ஒண்ணு. தவிலோ ட்ரம்ஸோ கீபோர்டோ எது கூட இருந்தாலும் அது கூட்டத்துல தொலையாது. ரெண்டு பிக்கப் வேணும்னா பி ஒண்ணு, பிரிட்ஜ்கிட்ட ஜே (ஜாஸ் பேஸ் வகை பிக்கப்) ஒண்ணு. ஒண்ணு கவனிங்க, ஜே பிக்கப் செட்டுல பிரிட்ஜ் பிக்கப் நெக் பிக்கப்ப விட ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீளமா இருக்கும், ஒரே டெம்ப்ளேட்ட வச்சு ஆசாரி ரெண்டு குழியையும் தோண்டிடாம பாத்துக்குங்க. மரத்த பத்தியும் கேட்டிருந்தீங்க, வேங்கை கெட்டியான மரம், வெயிட் கூட இருக்கும், சஸ்டெய்ன் நல்லா வரும், நல்ல மரம்தான், ஆனா ஆம்ப் வழியா வர்ற குரல்ல மரத்த விட பிக்கப்பும் அதோட இடமும்தான் பெருசா பேசும்னு என் அனுபவம்.

லோக்கலா சுத்தறத பத்தி. முடியும், ஆனா இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நானே விழுந்திருக்கேன். பிக்கப் சுத்தற விவரம் எங்க பாத்தாலும் 42 கேஜ் ஒயர்னு போட்டிருக்கும். அது அமெரிக்க கேஜ், அந்த ஒயரோட கனம் சுமார் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி. நம்ம ஊர் மோட்டார் காயில் கட்டற கடையில 42னு கேட்டா அவங்க குடுக்கறது பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி 42, அது 0.1 மில்லிமீட்டர். கடைக்காரர் மேல தப்பே இல்ல, நாம கேட்டத அவர் சரியா குடுக்கறார். நான் அத வாங்கி வந்து தையல் மெஷின் மோட்டார்ல மாட்டி ராத்திரி பூரா சுத்துனேன், பி பிக்கப்ல ஒரு துண்டுக்கு சுமார் 10,000 சுத்து வரணும், எனக்கு 4,000 தாண்டறதுக்குள்ள பாபின் (ஒயர் சுத்தற சட்டம்) ரொம்பி வழிஞ்சுடுச்சு, மீட்டர்ல 5,000 ஓமுக்கு மேல காட்ட வேண்டியது 800 ஓம் சொச்சம் காட்டுச்சு. ஆம்புல போட்டா எங்கயோ பக்கத்து வீட்டுல வாசிக்கற மாதிரி ஒரு சன்ன சவுண்டு. உங்களுக்கு வேண்டியது எஸ்டபிள்யூஜி 46, அது 0.061, போதும். கடையில கேஜ் நம்பர சொல்லாம மில்லிமீட்டர்ல கேளுங்க. ஒரு துண்டுக்கே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஒயர் போகும், ஃபேன் காத்து பட்டாலே அறுந்துடும், சுத்தி முடிச்சு பாரஃபின் மெழுகுல கொஞ்சம் தேன்மெழுகு கலந்து சுமார் 65 டிகிரியில முக்கி எடுக்கலைன்னா சுத்துக்குள்ள ஒயர் ஆடி, சத்தமா வாசிக்கறப்போ வீல்னு கத்தும். ஆசைக்கு பண்ணிப் பாக்கலாம், நல்ல பாடம். ஆனா இந்த பேஸுக்கு ரெடியா ஒரு நல்ல அல்நிக்கோ 5 (ஒரு வகை காந்தம்) பிக்கப் வாங்குங்க, உங்க 15,000ல பெரிய பங்கு அதுக்கு போகட்டும்.

இனி ஹம். ஆக்டிவ் போட்டா ஹம் போயிடும்ங்கறது பரவலா இருக்கற நம்பிக்கை, ஆனா ப்ரீஆம்புக்கு ஹம் எது பாட்டு எதுனு தெரியாது, வர்றத எல்லாம் சேர்த்து பெருசாக்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ்ல ஈ ஸ்ட்ரிங்ல 3வது ஃப்ரெட் அமுக்குனா வர்ற ஜி 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி ஸ்ட்ரிங் 98 ஹெர்ட்ஸ், ஹம்மோட அடுத்த மடங்கு 100. அதாவது நம்ம ஊர் ஹம் கிட்டத்தட்ட 5 கட்டை சுருதியில, கொஞ்சூண்டு ஏறி நிக்குது. ஜி ஸ்கேல்ல பாட்டு வந்தா ஹம் சுருதிப் பெட்டி மாதிரி கூடவே நின்னு லேசா பிசிறும், வேற ஸ்கேல்னா அப்பட்டமா அபஸ்வரமா கேக்கும். அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், அவங்க ஹம் வேற ஸ்வரம். அதனால தாங்க சிங்கிள் காயில் ஜே பிக்கப் வாங்கறவங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது, நம்ம ஊர் ஹம் பேஸோட நடு வீட்டுலயே வந்து உக்காருது, அத ஈக்யூல வெட்டுனா பேஸையும் சேர்த்து வெட்டுவீங்க.

சத்தம் ரெண்டு வகை, அத பிரிச்சு பாக்க கத்துக்கணும். ஊம்னு அடியில ஓடறது காந்தப்புலத்தால வர்ற ஹம், டிரான்ஸ்ஃபார்மர், ஃபேன் மோட்டார், பழைய ட்யூப்லைட் சோக் பக்கத்துல நின்னா ஏறும், திரும்பி நின்னா குறையும். குழிக்குள்ள காப்பர் டேப் ஒட்டறதால இது போகாது, ஹம் கேன்சல் பண்ற காயில்தான் இதுக்கு மருந்து. ஜ்ஜ்ஜ்னு ஈ மொய்க்கற மாதிரி வர்றது இன்னொண்ணு, லைட் டிம்மர், எல்இடி டிரைவர், சார்ஜர்ல இருந்து வரும், இதுக்கு காப்பர் டேப் அருமையா கேக்கும். ஸ்ட்ரிங்க தொட்டா ஜ்ஜ் குறையுதுன்னா கிரவுண்ட் வேல செய்யுது, ஷீல்டிங் (காப்பர் டேப் மறைப்பு) பத்தலனு அர்த்தம். தொட்டா கூடுதுன்னா உடனே நிறுத்துங்க, ஜாக்ல ஹாட்டும் (சிக்னல் ஒயர்) கிரவுண்டும் மாறி இருக்கும், இல்லன்னா பிளக் பாயிண்ட்ல எர்த் இல்ல. பிரிட்ஜுக்கு அடியில ஒரு ஒயர் வந்து உலோகத்த தொடணும், பாலிஷ் அடிச்ச மரத்து மேல ஒயர வச்சு பிரிட்ஜ திருகறப்போ சில சமயம் ஒயர் மரத்துக்குள்ள அமுங்கி பிரிட்ஜ தொடாமலே இருந்துடும். மீட்டர்ல ஸ்ட்ரிங்குக்கும் ஜாக்கோட வெளிப்பக்கத்துக்கும் நடுவுல பாருங்க, பூஜ்யத்துக்கு பக்கமா காட்டணும்.

எர்த் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய வாடகை வீடுங்கள்ல மூணு ஓட்டை பாயிண்ட் இருக்கும், உள்ள எர்த் ஒயரே இருக்காது. திருவிழா மேடையில ஜெனரேட்டர் வச்சா அங்கயும் இதே கதை. பேஸ் ஸ்ட்ரிங் மேல கை வச்சுக்கிட்டு மைக்ல உதடு பட்டப்போ சுருக்னு வாங்கியிருக்கேன், மாதவரம் பக்கம் ஒரு கோயில் மேடையில, ஒரு நொடிதான், ஆனா அந்த கை அன்னைக்கு பூரா நடுங்குச்சு. ஹம் குறையுதுனு ஆம்ப் பிளக்ல மூணாவது பின்ன யாராவது வெட்ட சொன்னா வெட்டவே வெட்டாதீங்க. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் பாக்க சொல்லுங்க, அந்த செலவு உங்க ப்ரீஆம்ப விட முக்கியம்.

வயரிங்குக்கு வேண்டியதெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரே நடையில வாங்கிடலாம். பாட் 250கே (250 கிலோ ஓம்) கேட்டா எல்லா கடையிலயும் இருக்காது, 220கே இருக்கும், தாராளமா வாங்குங்க, இந்த சாமான் எல்லாம் 20 சதவீதம் முன்ன பின்ன இருக்கறதுதான் சகஜம், மீட்டர் கையோட கொண்டு போய் அளந்து அதிகமா காட்டறத எடுங்க. ஹம்பக்கருக்கு 500கேக்கு பதிலா 470கே. பாட் மேல பி போட்டிருந்தா லீனியர், ஏ போட்டிருந்தா லாக், வால்யூமுக்கு ஏ தேடுங்க, இல்லன்னா குமிழ் கடைசி கொஞ்சத்துலதான் சவுண்டு பூரா விழும். பாட்டோட தண்டு தடிமன் 6 மில்லிமீட்டரா கால் இன்ச்சானு பாத்துட்டு குமிழ் வாங்குங்க, பாதி பேர் இதுலதான் ரெண்டாவது தடவ மவுண்ட் ரோடு போறாங்க. டோன் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட், மேல 473னு போட்டிருக்கும், சாதா பாலியஸ்டர் ஃபிலிம், சில ரூபாதான். எண்ணெய்ல ஊறுன பழைய காலத்து கெபாசிட்டர்னு ஆயிரக்கணக்குல விக்கறாங்க, அதே மதிப்புக்கு ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டு கேட்டேன், எனக்கு வித்தியாசம் தெரியல, அந்த காசுல நல்ல ஜாக் வாங்குங்க. பத்த வைக்கற ஈயக் கம்பி, உள்ளுக்குள்ள ரோசின் இருக்கறதா பாத்து வாங்குங்க, பைப் பத்த வைக்கற ஆசிட் பேஸ்ட் வேண்டாம், மெட்ராஸ் ஈரத்துல அது பச்சை பூத்து ஒயர தின்னுடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு மாதிரி கடல் பக்கம் இருக்கறவங்களுக்கு ஜாக்கும் பாட்டும் ஒரு வருஷத்துல கரகரனு ஆரம்பிக்கும், கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வீட்டுல இருக்கட்டும்.

பி ஜே ரெண்டும் போட்டா ஒரு வயரிங் விஷயம் மறக்காதீங்க. கிட்டார் வயரிங் படத்த பாத்து, பிக்கப் ஒயர பாட்டோட ஓரக் காலுலயும் அவுட்புட்ட நடுக் காலுலயும் வச்சா, ஒரு வால்யூம முழுசா மூடுனா ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து செத்துடும். ஜாஸ் பேஸ்ல அது மாத்தி இருக்கும், பிக்கப் ஒயர் நடுக் காலுக்கு, அவுட்புட் ஓரக் காலுல இருந்து. அப்புறம் ரெண்டு பிக்கப்பையும் சேர்த்து திறந்தா அடிநாதமே காணாம போய் தகர டப்பா மாதிரி கேட்டா, ஃபேஸ் (சிக்னலோட ஏற்ற இறக்க திசை) மாறி இருக்குனு அர்த்தம், ஒரு பிக்கப்போட ரெண்டு ஒயரையும் மாத்தி பத்த வச்சா சரியாயிடும். முன்னாடியே பாக்கணும்னா முள் மீட்டர்ல பிக்கப்ப மாட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனைய காந்தத்துல ஒட்டி சட்டுனு இழுங்க, முள் எந்தப் பக்கம் துள்ளுதோ அதே பக்கம் அடுத்த பிக்கப்லயும் துள்ளணும்.

உயரம் வைக்கறப்போ, கடைசி ஃப்ரெட்ட அமுக்கிட்டு ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ரெண்டரை, மூணு மில்லிமீட்டர்ல ஆரம்பிங்க. சவுண்டு வேணும்னு கிட்ட கொண்டு போனா காந்தம் ஸ்ட்ரிங்க இழுத்து, மேல் ஃப்ரெட்ல நோட்டு அலை அலையா ஆடும், ட்யூனரும் நிக்காது.

இப்ப ப்ரீஆம்ப். அதோட நிஜமான நல்லது ரெண்டு. பாசிவ் பிக்கப்ப நீளமான கேபிள்ல போட்டா கேபிளோட கெபாசிட்டன்ஸ், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் மாதிரி, மேல் சத்தத்த மழுங்கடிக்கும், ப்ரீஆம்ப் அந்த பாரத்த தன் தோள்ல வாங்கிக்கும். அடுத்தது, மேடையிலயே அடி சத்தம் (பேஸ்), மேல் சத்தம் (ட்ரெபிள்) ரெண்டையும் கூட்டவும் குறைக்கவும் முடியும், பாசிவ்ல குறைக்கத்தான் முடியும். பிக்கப் எடுக்காதத ப்ரீஆம்ப் உண்டாக்காது. அதனால முதல் ஆறு மாசம் பாசிவா வாசிங்க, ஆனா பின் பக்கம் 9 வோல்ட் பேட்டரி ரெண்டு உக்கார்ற அளவுக்கு குழி இப்பவே தோண்ட சொல்லிடுங்க, கன்ட்ரோல் குழியையும் ஒரு விரல் அகலம் கூட வைங்க, ஜாக் ஸ்டீரியோ ஜாக்கா போடுங்க. பேட்டரியோட மைனஸ் அந்த ஜாக் வழியாதான் சேரும், கேபிள் செருகுனா பேட்டரி ஓட ஆரம்பிக்கும், உருவுனா நிக்கும், வீட்டுக்கு வந்து கேபிள செருகியே விட்டுட்டு தூங்கறவங்க அடிக்கடி பேட்டரி வாங்கறாங்க. ப்ரீஆம்ப் உள்ள டிஎல்072 மாதிரி ஐசி இருந்தா 2.8 மில்லிஆம்ப் மாதிரி குடிக்கும், 500 மில்லிஆம்ப் அவர் அல்கலைன் பேட்டரி 170, 180 மணி நேரம் வரும், டிஎல்062னா 0.4தான், ஆயிரம் மணி நேரம் தாண்டும். கையால ஸ்லாப் அடிக்கறவங்களுக்கு 9 வோல்ட் பத்தாம சவுண்டு உடையலாம், அதுக்குத்தான் ரெண்டு பேட்டரி, 18 வோல்ட். எந்த ப்ரீஆம்ப் வாங்குனாலும் பாசிவ் பைபாஸ் சுவிட்ச் (ப்ரீஆம்ப தாண்டி சிக்னல நேரா ஜாக்குக்கு அனுப்பறது) இல்லாம போடாதீங்க. ஒரு கல்யாண ரிசப்ஷன்ல ரெண்டாவது பாட்டு நடுவுல பேட்டரி செத்து, சுவிட்ச் இல்லாத பேஸோட மேடையில நின்ன ஒரு பையன் எங்கிட்ட மறுநாள் காலையில வந்தான், முதல் வேலையா அந்த சுவிட்ச்சத்தான் போட்டு அனுப்பினேன்.

தலைகீழ் டெஸ்ட்ட இந்த வாரம் பண்ணிட்டு, கோடு விழுந்த இடம் பிரிட்ஜ் சேடில்ல (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) இருந்து எத்தன மில்லிமீட்டர்னும், பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் இடைவெளி 19 மில்லிமீட்டரா அதுக்கு கம்மியானும் அளந்து எழுதுங்க. இடைவெளி தெரிஞ்சாதான் காந்தத் துண்டு ஸ்ட்ரிங்குக்கு நேரா விழற பிக்கப்ப சொல்ல முடியும், குழி அளவையும் அப்பவே ஆசாரிக்கு காட்டற மாதிரி வரைஞ்சு அனுப்பறேன்.